பிள்ளை பெற்ற பிறகு மாத்திரை ஏன் நின்றுபோகிறது?

எச்.ஐ.வி உள்ள ஒரு பெண் கர்ப்பமாக இருந்த மாதங்களில், கிருமியை அடக்கும் கூட்டு மருந்தை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டிருக்கிறார். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. ஆறாவது வாரம் எடுத்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று வந்தது. அதற்கு அப்புறம் இரண்டு மூன்று மாதத்தில் அவர் மாத்திரை வாங்க வருவது நின்றுவிட்டது. இவ்வளவு தூரம் வந்தவர், கஷ்டமெல்லாம் தாண்டிய பிறகா விடுவார் என்றுதான் கேட்கத் தோன்றும்.

தாண்டிய பிறகுதான் விடுகிறார்கள். 2012-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளில் நடந்த 51 ஆய்வுகளிலிருந்து சுமார் 20,000 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. கர்ப்ப காலத்தில் மருந்தைப் போதுமான அளவு ஒழுங்காக எடுத்தவர்கள் நூற்றுக்கு 76 பேர். பிரசவத்துக்குப் பிறகு அது 53 ஆகிவிட்டது. ஏன் இப்படி, என்ன செய்தால் மாறும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். அதற்கு முன்னால் மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

மருந்து செய்யும் வேலை

கூட்டு மருந்து, அதாவது ஏ.ஆர்.டி, எச்.ஐ.வி கிருமியை உடம்பிலிருந்து துடைத்து எடுப்பதில்லை. பெருகவிடாமல் அடக்கிவைக்கிறது, அவ்வளவுதான். கிருமி சில செல்களுக்குள் உறங்கிக் கிடக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே எழுந்து பெருக ஆரம்பிக்கும். அதனால்தான் இது வாழ்நாள் மருந்து. விட்டு விட்டுச் சாப்பிடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அரைகுறை மருந்துக்கு நடுவில் பெருகும் கிருமி அந்த மருந்துக்கே பழகிப்போய்விடலாம்.

இந்தியாவில் இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கப்படுவது ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகள் அதற்குள் இருக்கின்றன. இதை ஒழுங்காக எடுத்தால் ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, அதாவது ‘வைரல் லோடு’, கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும்.

எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால், எச்.ஐ.வி உள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்குத் தொற்று வரலாம். கர்ப்பத்தில், பிரசவத்தில், தாய்ப்பாலில் என்று மூன்று வழிகள். சரியான சிகிச்சை இருந்தால் இது 5 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். தாயின் வைரல் லோடு முழுக்க அடங்கியிருந்தால் இன்னும் குறைந்து, 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ நிற்கும்.

மூன்று வழிகளில் மூன்றாவதைக் கவனியுங்கள். கர்ப்பம் பத்து மாதம், பிரசவம் சில மணி நேரம். தாய்ப்பாலோ ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று போகிறது. மருந்து நின்றுபோவதும் அந்தக் காலத்தில்தான். பிரசவம் முடிந்தது, குழந்தை தப்பித்தது என்று எல்லோரும் மூச்சு விடும்போது வழி இன்னும் திறந்தேதான் இருக்கிறது. ஆறாவது வாரம் வந்த ‘இல்லை’ என்ற முடிவு அதுவரைக்குமான முடிவு. குழந்தையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் காயவைத்து அனுப்புகிறார்களே, அந்தச் சோதனை அடுத்த மாதம் குடிக்கப்போகும் பாலைப் பற்றி எதுவும் சொல்லாது. அதனால்தான் ஆறாவது மாதம், ஒரு வயது, பதினெட்டாவது மாதம் என்று மறுபடியும் மறுபடியும் கூப்பிடுகிறார்கள்.

அப்படியானால் தாய்ப்பாலே வேண்டாமே என்று உடனே சொல்லிவிடுவார்கள். சொல்வது எளிது. சுத்தமான தண்ணீரும், மாதாமாதம் பால்பவுடர் வாங்கக் காசும் இல்லாத வீட்டில், வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் குழந்தையைக் கொண்டுபோய்விடும். தாய் மருந்து எடுத்துக்கொண்டு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியான வழி. ‘மட்டுமே’ என்பதில் அழுத்தம் உண்டு. நம் ஊரில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள், உரைமருந்து கொடுப்பார்கள், சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுவார்கள். பச்சைக் குழந்தையின் குடலுக்கு அதெல்லாம் உறுத்தல். உறுத்தல் பட்ட குடலில் கிருமி நுழைவது சுலபம்.

மலாவியில் தெரியவந்தது

இந்தச் சிக்கல் உலகத்தின் கண்ணில் பளிச்சென்று பட்டது ஆப்பிரிக்காவின் மலாவியில். 2011 வரை அங்கே, ரத்தத்தில் எதிர்ப்புச் செல்களை எண்ணிப் பார்த்துத்தான் கர்ப்பிணிக்கு வாழ்நாள் மருந்து தேவையா என்று முடிவு செய்தார்கள். எண்ணுவதற்கு வேண்டிய இயந்திரங்களோ ஊர் ஊருக்குக் கிடையாது. எனவே மலாவி அரசு ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தது: எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் சரி, எச்.ஐ.வி உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் உடனே மருந்து, அதுவும் வாழ்நாள் முழுக்க. இதற்கு ‘ஆப்ஷன் பி பிளஸ்’ என்று பெயர். ஒரே வருடத்தில் மருந்து தொடங்கிய கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. பின்னர் உலக சுகாதார நிறுவனமும் இந்த வழிக்கு வந்தது. இந்தியாவில் 2014-இலிருந்து இதுதான் நடைமுறை.

ஆனால் மலாவியின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். இந்தத் திட்டத்தில் மருந்து தொடங்கிய பெண்களில் 17 சதவீதம் பேர் ஆறே மாதத்தில் காணாமல் போயிருந்தார்கள். உடம்பு முடியாமல் வந்து தன் நோய்க்காக மருந்து தொடங்கிய பெண்களோடு ஒப்பிட்டால், கர்ப்பத்தில் தொடங்கியவர்கள் முதல் நாளுக்குப் பிறகு திரும்பியே வராமல் போவது ஐந்து மடங்கு அதிகம். பெரிய மருத்துவமனைகளில், எச்.ஐ.வி இருக்கிறது என்று சொன்ன அதே நாளில் மாத்திரையைக் கையில் வாங்கியவர்கள்தான் அதிகம் காணாமல் போனவர்கள்.

இதில் வியக்க ஒன்றும் இல்லை. மாசச் செக்கப்புக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த பெண். உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. காலை பதினொரு மணிக்கு எச்.ஐ.வி என்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு பாட்டிலைக் கொடுத்து, சாகும்வரை சாப்பிடுங்கள் என்கிறார்கள். பஸ் ஏறுவதற்குள் அந்தப் பாட்டிலை என்ன செய்வது என்பதுதான் அவருக்கு முதல் பிரச்சினை.

தாய்வீட்டுக்குப் போன மாத்திரை

நம் பக்கத்துக் கதை இதிலிருந்து கொஞ்சம் வேறு. செல்வி என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தாய்வீடு திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். எச்.ஐ.வி விஷயம் கணவருக்குத் தெரியும், அவரும் மருந்து எடுக்கிறார். செல்வியின் அம்மாவுக்குத் தெரியாது.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். அவருடைய பெயர் பதிவாகியிருக்கும் கூட்டு மருந்து மையம் திருப்பூரில் இருக்கிறது. முதல் முடிச்சு இங்கே விழுகிறது. கையில் உள்ள மாத்திரை தீர்ந்தால் யார் போய் வாங்குவது? திருப்பூருக்கு ஒரு நடை போய்வருகிறேன் என்று நிறைமாதக்காரி சொன்னால் வீட்டில் விடுவார்களா?

பிரசவம் ஆகிறது. பச்சை உடம்பு, பத்தியச் சாப்பாடு, காதில் பஞ்சு. அறையில் எந்நேரமும் யாராவது இருக்கிறார்கள். மாத்திரை பாட்டிலைக் குலுக்கினால் சத்தம் வரும். எனவே முப்பது மாத்திரைகளையும், பாட்டிலுக்குள் ஈரம் உறிஞ்சக் கிடக்கும் சிறு பொட்டலத்தையும் சேர்த்து, பஞ்சு வைத்து, காலியான பவுடர் டப்பாவுக்குள் போட்டு, குழந்தைத் துணி வைக்கும் பையின் அடியில் வைத்திருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்குப் போடுவதுதான் வழக்கம். இப்போது ஒன்பது மணி என்று ஒன்று இல்லவே இல்லை. குழந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுகிறது, இரவும் பகலும் ஒன்றாகிவிட்டன. ஒரு நாள் பார்த்துவிட்ட அம்மா கேட்கிறார்: “பால் குடுக்கிறவ என்னடி இன்னும் மாத்திரை முழுங்குற? புள்ளைக்கு இறங்கிடாதா?” சத்து மாத்திரை என்று செல்வி சமாளிக்கிறார். மறுநாளிலிருந்து அம்மா இல்லாத நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நேரம் சில நாள் வாய்க்கிறது, சில நாள் வாய்ப்பதில்லை.

அந்தச் சத்து மாத்திரையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் இவற்றோடு டோலுடெக்ராவிர் சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. சாப்பாட்டோடு எடுத்தால் இரண்டையும் சேர்த்தே போடலாம். இல்லையென்றால் கூட்டு மருந்தைச் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ, ஆறு மணி நேரம் பின்னாலோ போட வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டும் வைரல் லோடு ஏறுகிறதே என்று குழம்பும்போது இதையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. இன்னொன்று: முன்பு கொடுத்த எஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரை தலைசுற்றும் என்பதால் படுக்கப்போகும்போது போடச் சொன்னார்கள். இப்போதைய மாத்திரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காலைச் சாப்பாட்டோடு வசதி என்றால் மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாறிய வாழ்க்கைக்குப் பழைய ஒன்பது மணியையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து குறைந்தது ஆறு வாரம் நெவிரபின் சொட்டுமருந்தோ சிடோவுடினோ கொடுக்க வேண்டும். தாய்க்குக் கிருமி அடங்காமல் இருந்தால் இன்னும் கூடுதல். அதைச் செல்வி ஒரு நாளும் மறக்கமாட்டார். குழந்தையின் மருந்தை நிமிஷம் தவறாமல் ஊட்டிவிட்டு, தன் மருந்தை விட்டுவிடுகிற தாய்மார்கள் உண்டு. எங்கள் வீட்டில் அக்காவின் பேறுகாலம் எனக்கு நினைவிருக்கிறது. குழந்தை எத்தனை முறை குடித்தது, எத்தனை முறை நனைத்தது என்று ஆளாளுக்குக் கணக்கு வைத்திருந்தோம். அவள் சாப்பிட்டாளா என்பதற்குக் கணக்கு வைக்க ஆள் இல்லை. ஒரு நோயும் இல்லாத வீட்டிலேயே இந்தக் கதி.

தூக்கமின்மை, காரணம் தெரியாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை என்று பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் இதோடு சேரும். மருந்து நின்றுபோவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் மாத்திரை ஏன் போடவில்லை என்று கேட்கும் அளவுக்கு, மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பெயரிலேயே ஒரு சங்கதி

இந்த முயற்சிக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயரைப் பாருங்கள்: ‘தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி பரவுவதைத் தடுத்தல்’. தாய் ஐந்தாம் வேற்றுமையில், அதாவது நோய் கிளம்பும் இடமாக நிற்கிறார். குழந்தை நான்காம் வேற்றுமையில், காப்பாற்றப்பட வேண்டியவராக நிற்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2016-இல் தாய்லாந்துக்கும் 2019-இல் இலங்கைக்கும், இந்த வழியில் தொற்றுப் பரவுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. பெரிய சாதனைதான். ஆனால் அந்தச் சான்றின் முக்கிய அளவுகோல் எத்தனை குழந்தைகளுக்குத் தொற்று வந்தது என்பதுதான். குழந்தை பிறந்து மூன்று வருடம் கழித்து தாய் மருந்தில் இருக்கிறாரா என்பது அதன் கேள்வியே அல்ல. கர்ப்பம் முழுக்க “பிள்ளைக்காகச் சாப்பிடும்மா” என்று சொல்லியே மாத்திரை கொடுத்தால், பிள்ளைக்கு இல்லை என்று தெரிந்த அன்றைக்கு அந்தக் காரணம் தீர்ந்துபோகிறது. இதில் தாய்மார்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் சொல்லிக்கொடுத்த காரணத்தைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

எது பலன் கொடுத்தது

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்தின் குகுலேத்து பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. கர்ப்பத்தில் மருந்து தொடங்கிய பெண்களைப் பிரசவத்துக்குப் பிறகு குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை வழக்கம்போல, பெரியவர்களுக்கான பொதுக் கூட்டு மருந்து மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு பாதிக்கு, பால் கொடுப்பதை நிறுத்தும்வரை, குழந்தையைக் காட்டும் அதே தாய்-சேய் மையத்திலேயே மருந்தும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து, சிகிச்சையிலும் இருந்து கிருமியும் அடங்கியிருந்தவர்கள் முதல் பாதியில் 56 சதவீதம். இரண்டாம் பாதியில் 77. ஊர் ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான். பெண் எந்தக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்பது மட்டும்தான் வேறு.

காரணம் புரிந்துகொள்ள முடிவதுதான். கைக்குழந்தையோடு இரண்டு இடத்துக்கு, இரண்டு நாள், இரண்டு வரிசையில் நிற்க வேண்டும் என்றால் எதை விடுவார்கள்? தன்னுடையதைத்தான். தடுப்பூசிக்கு மட்டும் எந்த வீட்டிலும் தடை இல்லை. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஊசி போட மாமியாரே கிளப்பி அனுப்புவார். ஊசி நாளும் மாத்திரை நாளும் ஒன்றாகிவிட்டால், எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

அதே கேப் டவுனில் 2001-இல் ‘மதர்ஸ் டு மதர்ஸ்’ என்ற அமைப்பு தொடங்கியது. எச்.ஐ.வி உள்ள, ஏற்கெனவே பிள்ளை பெற்று வளர்க்கும் பெண்களுக்கே பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, புதுத் தாய்மார்களுக்குத் துணையாக வைத்தார்கள். டாக்டர் சொன்னால் தலையாட்டுகிற பெண், இன்னொரு தாயிடம்தான் “மாத்திரையை எங்கேக்கா ஒளிச்சு வைப்பீங்க?” என்று கேட்பார். இதற்குச் சென்னையை வெளியிலிருந்து கற்றுக்கொள்ளும் ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவும் சில பெண்களும் சேர்ந்து, எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கான ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ அமைப்பை 1998-லேயே தொடங்கியது இங்கேதான்.

இங்கே என்ன வசதி இருக்கிறது

தமிழ்நாட்டில் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. மருந்துக்குக் கூட்டு மருந்து மையம். 2004 ஏப்ரலில் இந்தியா இலவச ஏ.ஆர்.டி தொடங்கியபோது முதலில் திறந்த எட்டு இடங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. அன்றிலிருந்து மருந்துக்குக் காசு கிடையாது.

செல்வியைப் போன்றவர்களுக்குத் தெரியவேண்டிய முக்கியமான செய்தி, பெயர் ஓரிடத்தில் இருந்தாலும் வேறு ஊரில் மருந்து வாங்க வழி உண்டு என்பதுதான். வளைகாப்புக்கு நாள் குறித்ததுமே, மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் ஊரையும் மாதத்தையும் சொல்லிவிட வேண்டும். தற்காலிகமாகத் தாய்வீட்டுப் பக்கத்து மையத்தில் வாங்கவோ, பதிவையே மாற்றிக்கொள்ளவோ ஏற்பாடு செய்வார்கள். கையில் கொடுத்திருக்கும் பச்சை நிறச் சிகிச்சைப் புத்தகம் கூடவே போக வேண்டும். உடல்நிலை நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரை மொத்தமாகக் கொடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. இவற்றைத் தாங்களாகவே கேட்கலாம், கேட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

சம்மதமில்லாமல் ஒருவருடைய எச்.ஐ.வி நிலையை வெளியில் சொல்வது, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டப்படி பொதுவாகக் கூடாது. செவிலியர் வீட்டுக்கே வந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள், எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம், என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை முன்கூட்டியே கவுன்சிலரிடம் பேசிவைத்துக்கொள்ளலாம். வீட்டில் நம்பிக்கையான ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பாரம் குறையும். செல்விக்கு அது அக்காவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அடிக்கும் கணவர், துரத்தும் மாமியார் இருக்கும் வீட்டில், சொல்லிவிடு என்று அறிவுரை சொல்வது ஆபத்து.

விஷயம் தெரிந்த கணவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ராத்திரி போனில் குழந்தை தூங்கிச்சா என்று கேட்டுவிட்டு, நீ போட்டியா என்று கேட்பது. இருவரும் மருந்தில் இருந்தால் வீடியோ காலில் சேர்ந்தே போட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள் இதைப் படித்தால்: எத்தனை நாள் ஆகியிருந்தாலும் திரும்பப் போகலாம். திட்டுவார்களோ என்ற பயத்தில் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும்தான் கெடுதல். போனால் மருந்தை மறுபடி தொடங்குவார்கள், தேவைப்பட்டால் வைரல் லோடு பார்ப்பார்கள். பால் கொடுத்துக்கொண்டிருந்தால், நடுவில் எத்தனை நாள் மருந்து இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழந்தைக்கு மறுபடி தடுப்பு மருந்து வேண்டுமா, எப்போது சோதிப்பது என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். நீங்களாகவே தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, கையில் கிடைத்ததைக் கொடுத்துச் சமாளிக்க வேண்டாம், முதலில் மையத்தில் கேளுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097-க்குக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.